தேத்தண்ணி நிறத்தில் ஒரு முகப்பொடி

போத்தலின் மூடியைத் திறந்து அந்தப் பெண் சிப்பாய் அதை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள். ஒரு தரம் முகர்ந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் முகர்ந்தாள்.

"இது என்ன?"

"முகத்துக்குப் போடுற பவுடர்."

"பவுடர் வாசம் வரும். இது வாசம் இல்லை. ஏன் வாசம் இல்லை?"

அவளுடைய தமிழ்தான் கொச்சை, கேள்வி சரியான கேள்வி. அதற்கு என்னிடம் நல்ல பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லுமளவுக்கு என்னிடம் சிங்களம் இருக்கவில்லை.

மூதூரில் லோஞ்ச் படகை விட்டு இறங்கி, தெற்கே போகும் பாதையில் இருந்த சோதனைச் சாவடி அது. பெண்களைச் சோதிக்கவென்று உரச்சாக்குகளைத் தைத்து ஒரு மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு மேசை. அதன்மேல் என் பெட்டியில் இருந்ததெல்லாம் பரப்பிக் கிடந்தது. சீப்பு, கொண்டை ஊசி, பொட்டு, சவுரி, நெற்றிச்சுட்டி, கண்மை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து ஒதுக்கிவிட்டு, ஒரு சின்னத் தைலப் போத்தலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை இலங்கைத்துறையில் ஒரு கலியாணம். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து மணப்பெண்ணை அலங்கரிக்கப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் போத்தல் இல்லாமல் நான் அங்கே போய் ஒரு பயனும் இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை நான் அழகாக்கிய முகங்களைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். இந்தக் கிழமை நான் கெடுத்த ஒரு முகத்தைப் பற்றி எழுத வேண்டும்.

என் கெட்டித்தனம்

முதலில் அந்தப் போத்தலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பயணம் போகிற எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. மூடிக் கட்டிய எதையும் கொண்டு போக மாட்டோம். பெட்டியாக இருந்தால் உடைப்பார்கள், பொதியாக இருந்தால் அவிழ்ப்பார்கள். அதனால் சீனியோ மிளகாய்த்தூளோ, எதுவானாலும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பையிலோ போத்தலிலோ மாற்றிக்கொள்வோம். பார்த்தவுடனே போக விடுவார்கள் என்று நம்பிக்கை.

அந்தப் பொடி லண்டனிலிருந்து வந்தபோது அழகான கறுப்பு டப்பாவில், பெயரெழுதி, என்னென்ன சேர்ந்தது என்று அச்சடித்துத்தான் வந்தது. நான் என்ன செய்தேன்? டப்பாவை வீட்டு அலுமாரியில் பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டு, பொடியை மட்டும் தலையிடித் தைலம் வந்த கண்ணாடிப் போத்தலுக்குள் கொட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெயரில்லாத போத்தல், மணமில்லாத பொடி, மண் நிறம். யுத்த காலத்துச் சோதனைச் சாவடியில் அதைப் பார்த்து எவள்தான் சும்மா விடுவாள்? என் கெட்டித்தனத்தை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான் சொன்ன ஒரு வசனம்

மணப்பெண்ணின் பெயர் தவமலர். அதற்குப் பல வருடங்கள் முன்னால், அவள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் நான்தான் அலங்காரம் செய்தேன். அப்போது அந்தக் குடும்பம் இலங்கைத்துறையிலிருந்து இடம்பெயர்ந்து, பட்டினத்தில் உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடொன்றில் இருந்தது. தாய் பாக்கியம் கையிலிருந்ததையெல்லாம் சேர்த்து, ஒரே மகளின் சடங்கைக் குறையில்லாமல் செய்ய நினைத்தார்.

பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. கொழும்பிலிருந்து சாமான் வந்து மாதங்களாகியிருந்தன. என்னிடம் இருந்தது ஒரு பழைய பான்கேக் முகப்பூச்சு, அடி தெரியத் தேய்ந்தது. எத்தனையோ முகத்துக்கு நனைத்துப் பூசி, காயாமல் மூடி, மறுபடி நனைத்துப் பூசியது. திறந்தால் லேசாகப் பூஞ்சண மணம் வந்தது. மேலே படிந்திருந்ததைக் கத்தியால் சுரண்டி எறிந்துவிட்டு, நாலு துளி பன்னீர் விட்டுக் குழைத்தேன். மணம் போய்விட்டது. கெட்டது போகவில்லை.

பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்து உள்ளே கூட்டி வந்தார்கள். நான் ஸ்பொஞ்சால் மூன்று பூச்சுப் பூசினேன். அந்த நாளில் எங்களுக்கு அலங்காரம் என்றால் வெள்ளையாகத் தெரிய வேண்டும், தடிப்பாகத் தெரிய வேண்டும். படம் எடுத்து, ஆராத்தி எடுத்து முடிவதற்குள் பிள்ளை கன்னத்தைச் சொறியத் தொடங்கினாள். சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. உதடு தடித்து, கழுத்துவரை சிவந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

உயிருக்கு ஒன்றுமில்லை. ஊசி போட்டு அனுப்பினார்கள். முகம் பழையபடி ஆக மூன்று கிழமை எடுத்தது.

வாசலில் நின்ற பெண்கள் என்னைக் கேட்டார்கள், "என்ன ரஞ்சி, என்னத்தைப் பூசினனீ?"

நான் சொன்னேன்: "நான் எல்லாருக்கும் பூசுறதைத்தான் பூசினனான். பிள்ளையின்ட தோலில ஏதோ இருக்கு."

அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்தப் பான்கேக்கை அன்றைக்கே கிணற்றடியில் குழி தோண்டிப் புதைத்தவள் நான். எனக்குத் தெரியாமல் சொன்ன சொல் அல்ல அது. என் பிழைப்புப் போய்விடும் என்று பயந்து, தெரிந்தே சொன்னேன்.

"பிள்ளையின்ட தோலில ஏதோ இருக்கு" என்றது ஒரு வாரத்தில் "பிள்ளைக்குத் தோல் வருத்தம்" ஆனது. இன்னொரு வாரத்தில் "அது பரம்பரை வருத்தமாம்" ஆனது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதுவும் அந்த வாயைத் திறந்து விட்டது நானாக இருக்கும்போது.

பாக்கியம் ஒரு நாள் என் சலூனுக்கு வந்து, உள்ளே காலடி வைக்காமல், வாசலில் நின்றே சொன்னார்: "இனி எங்கட வீட்டுச் சனத்தை நீங்கள் கையால தொடப்படாது." நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

அவள் கேட்டது

வருடங்கள் கழித்து ஒரு முற்பகல், தவமலர் தனியாக என் சலூன் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் கையிலிருந்த சீப்பு நழுவி விழுந்தது.

"எனக்குக் கலியாணம் பேசியிருக்கு, அக்கா. எங்கட ஊர்தான். அவருக்கு ஒண்டும் பிரச்சினை இல்லை. ஆனால் மாமி வீட்டுப் பக்கம் இன்னும் அந்தக் கதை நிக்குது. பொண்ணின்ட தோலைப் பாருங்கோ எண்டு ஆக்கள் சொல்லிக் குடுக்கினம்."

விழுந்த சீப்பைக் குனிந்து எடுத்தேன்.

"கலியாணத்துக்கு நீங்கள் வந்து என்னை அலங்கரிச்சு வெளிக்கிடுத்தி விட வேணும்."

"நானோ? உங்கட அம்மா என்னை வாசலுக்கும் விடமாட்டா, பிள்ளை."

"வேற ஆர் செய்தாலும் கதை நிக்காது. அண்டைக்கு வீங்க வைச்ச கையே திரும்பவும் செய்து, ஒண்டும் ஆகாமல் இருந்தால்தான் சனம் நம்பும்."

இருபத்திரண்டு வயதிருக்கும். வழக்கறிஞரைப் போலக் கதைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்கு ஏலவில்லை. பழுதான பான்கேக், பன்னீர், கிணற்றடிக் குழி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குச் சொன்னது காணாது, அக்கா. கலியாண வீட்டில எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ. செய்யுறதும் நீங்கள், சொல்லுறதும் நீங்கள்."

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

போவதற்கு முன் அவளுடைய நிறத்தை எடுத்துக்கொண்டேன். இது என் தொழில் முறை. யாரும் கற்றுத் தரவில்லை, நானாகப் பழகியது. பால் விடாத தேத்தண்ணியைப் பல கடுப்பங்களில் ஊற்றி, வெள்ளைக் கடதாசித் துண்டுகளை நனைத்துக் காயவைத்து அடுக்கி வைத்திருப்பேன். வருகிற பெண்ணின் தாடையோரம் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பேன். எந்தத் துண்டு தோலோடு தோலாக மறைகிறதோ அதுதான் அவள் நிறம். தவமலருடையது கொஞ்சம் கடுப்பமான சாயம். அந்தத் துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

கல்லும் துருவும்

அன்று பின்னேரமே லண்டனில் இருந்த என் தங்கச்சி வசந்திக்குக் கடிதம் எழுதினேன். அவள் அங்கே ஒரு பெரிய கடையின் அழகுசாதனப் பகுதியில் வேலை செய்தாள். நான் கேட்டது இதுதான்: பழுதாகாத, மணமில்லாத, முகத்தை வீங்க வைக்காத பூச்சு உலகத்தில் உண்டா?

இரண்டு மாதம் கழித்துப் பதிலும் ஒரு சின்ன டப்பாவும் வந்தன. "அக்கா, இது மினரல் மேக்கப். கல்லை அரைச்ச பொடிதான். எண்ணெய் இல்லை, தண்ணி இல்லை, வாசனை இல்லை. தண்ணி இல்லாதபடியால் பூஞ்சணம் பிடிக்காது. தோல் வருத்தக்காரருக்கும் இதைத்தான் குடுக்கிறம். துத்தநாகப் பொடி, டைட்டேனிய வெள்ளை, மைக்கா, இரும்புத் துரு. அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தாள்.

துத்தநாகப் பொடியும் துருவும் என்று வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாள் வருத்தத்தில் கொப்பளம் போட்ட பிள்ளைகளுக்குக் கடியும் சொறியும் அடங்க ஆஸ்பத்திரியில் இளஞ்சிவப்பாக ஒரு கலமைன் தருவார்களே, அதுவும் இதுவும் அண்ணன் தம்பிதான். எத்தனை வருடம் அதை வீட்டில் வைத்துக்கொண்டே பூஞ்சணப் பான்கேக்கைச் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டைட்டேனியத்தைப் பற்றிச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அவர் திரியாய் ஆள். ஊரை விட்டு ஓடி வருவதற்கு முன் புல்மோட்டைக் கனிம மணல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் அந்தப் பொடியை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது எங்கட மணலடி."

"உங்கட மணல் கறுப்பெல்லே?"

"கறுப்புத்தான். அதைக் காந்தத்தால பிரிச்சுக் கப்பலில ஏத்தினால், அங்க கொண்டுபோய் அதுக்குள்ள இருந்துதான் வெள்ளையை எடுக்கிறாங்கள். நான் ஏத்திவிட்ட மணலாயும் இருக்கலாம்."

சும்மா சொன்னாரோ உண்மையோ, அன்றைக்கு அவர் நிறைய நேரம் ஊர்க் கதை கதைத்தார். வழக்கமாகத் திரியாயைப் பற்றி வாய் திறக்காத மனிதர்.

ஆனால் பொடியைப் போட்டுப் பார்த்தபோது அடுப்புச் சாம்பலைப் பூசியது போல இருந்தது. வெள்ளைக்காரிக்குச் செய்த நிறம். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. தவமலரின் தேத்தண்ணிக் கடதாசியை உறையில் போட்டு, "இந்த நிறத்தில தேடு. கிடைக்காட்டி கிடைக்கும்வரை தேடு" என்று வசந்திக்கு மறுபடி எழுதினேன். அவள் கடை கடையாக அந்தத் துண்டைக் கொண்டு திரிந்திருக்கிறாள். கலியாணத்துக்கு ஏழு கிழமை இருக்கும்போது வந்தது அந்தக் கறுப்பு டப்பா.

பாதி முகம்

இன்னொருத்தி முகத்தில் சோதனை செய்ய எனக்கு இனி உரிமையில்லை. என் முகத்தில் போட்டேன்; என் நிறமும் தவமலருடையதுக்குக் கிட்டத்தான். இடப்பக்கம் பொடி, வலப்பக்கம் வெறுந்தோல். ஒரு மாதம் அப்படியே திரிந்தேன். சந்தைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், ஒரு செத்த வீட்டுக்கும் போனேன். செத்த வீட்டில் ஒரு பெரியம்மா மட்டும், "என்ன மோனை, உனக்கு ஒரு பக்கம் மட்டும் களைப்பாக்கிடக்கு?" என்று கேட்டார். அவ்வளவு இயல்பாக ஒட்டியிருந்தது. கிட்ட வந்து பார்த்தாலும் பூசியது தெரியவில்லை.

இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகள், "அன்ரி, மினரல் போடுவீங்களோ?" என்று பெருமையாகக் கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது. எனக்குத் தெரியும், என் சொந்தக் கன்னத்தில் படித்தேன். தோலை அடைக்காது, வேர்வை வந்தாலும் கோடு கோடாக வழியாது. வெயிலையும் கொஞ்சம் தடுக்கும், அதற்காகக் குடையை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம். ஈரமில்லாமல் வைத்தால் வருடக்கணக்கில் கெடாது. கரண்ட் இல்லாத, பாதை இல்லாத ஊரில் அது எவ்வளவு பெரிய விசயம் என்று அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். கடுகளவு எடுத்து, சுத்தமான பிறஷ்ஷால் வட்டமாகத் தேய்த்தால் ஒரு முகத்துக்குப் போதும்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். காய்ந்த தோலில் திட்டுத் திட்டாக நிற்கும். பெரிய தழும்பை மறைக்காது. ஊதி விளையாடினால் தூசு மூச்சுக்குள் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரையும் வெள்ளையாக்காது. அது குறையென்று நினைப்பவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம்.

ஒரு சிட்டிகையை மடித்து, தெரிந்த ஒருவர் கையில் இலங்கைத்துறைக்குக் கொடுத்தனுப்பினேன். "காதுக்குப் பின்னால மூண்டு நாள் போட்டுப் பாருங்கோ. கடிச்சுச் சொறிஞ்சால் எனக்குச் சொல்லுங்கோ, நான் வரமாட்டன்" என்று ஒரு துண்டும் எழுதினேன். "கடிக்கேல்ல. வாங்கோ" என்று பதில் வந்தது.

மேசையின் இரண்டு பக்கமும்

இப்போது மறுபடி அந்தச் சாக்கு மறைப்புக்குள் வருவோம்.

"ஏன் வாசம் இல்லை?" என்று அவள் மூன்றாம் தரம் கேட்டபோது, எனக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. பிறஷ்ஷை எடுத்தேன். போத்தலைத் தா என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை. ஆனால் மூடியில் கொஞ்சம் கொட்டி நீட்டினாள். அவளுக்கு முன்னாலேயே என் முகத்தில் பூசினேன். இந்த முறை இரண்டு பக்கமும் பூசினேன். கண்ணைச் சுற்றி, உதட்டைச் சுற்றி, மூக்குக்குக் கீழே.

அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒரு வாங்கைக் காட்டி உட்காரச் சொன்னாள். விஷமென்றால் தெரிய வரட்டும் என்று நினைத்தாளாக்கும். நான் உட்கார்ந்தேன். என்னோடு லோஞ்சில் வந்தவர்கள் எல்லாரும் கடந்து போய்விட்டார்கள். அவள் ஒரு மணித்தியாலம் மற்றப் பெண்களைச் சோதிப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவளுடைய தாடையில் தொப்பிப் பட்டி உராய்ந்து, வேர்க்குருவாகிப் புண்ணாகிக் கிடந்ததை நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வந்து, "ஒரு ஆளுக்குப் போதும், அவ்வளவுதான் கொண்டுபோக ஏலும்" என்றாள். அந்தக் காலத்தில் சாவடிக்கு அப்பால் கொண்டுபோகிற எதற்கும் அளவு உண்டு. சவர்க்காரத்துக்கு அளவு, மெழுகுதிரிக்கு அளவு. முகப்பொடிக்கும் அன்றைக்கு அவளே ஒரு அளவு போட்டாள். போத்தலைக் கடதாசியில் கவிழ்த்து மடித்துத் தன் மேசை லாச்சிக்குள் வைத்தாள். அடியில் ஒட்டியிருந்ததோடு போத்தல் என் கைக்கு வந்தது.

ஒரு தேக்கரண்டியும் இராது. பான்கேக்காக இருந்திருந்தால் அங்கேயே திரும்பி லோஞ்ச் ஏறியிருப்பேன். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது அந்தப் பொதியைத் திருப்பித் தந்தாள். கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் தாடைப் புண்ணின் மேல் தவமலரின் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது, அவளுடைய நிறத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாமல்.

கூறை மாற்றிய அறை

லான்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி இலங்கைத்துறை போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. பாக்கியம் முற்றத்தில் நின்றார். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது.

"ஆர் உங்களைக் கூப்பிட்டது?"

"நான்தான் அம்மா" என்று உள்ளேயிருந்து தவமலர் சொன்னாள். "அவ செய்யாட்டி நான் வெறும் முகத்தோடதான் மணவறையில இருப்பன்."

தாயும் மகளும் குசினிக்குள் போய்க் கதைத்தார்கள். வெளியே வந்த பாக்கியம் என்னைப் பார்க்காமலே, "பாயைப் போட்டுக் குடுங்கோ" என்று யாருக்கோ சொன்னார்.

விடிந்து, தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முழுக வார்த்தபின் பிள்ளையை என்னிடம் தந்தார்கள். முகத்தைத் துடைத்து, ஈரம் காயும்வரை விசிறினேன். பிறஷ்ஷை மூடியில் தொட்டு, உதறி, நெற்றியில் தொடங்கினேன். மெல்லிய பூச்சு ஒன்று, பிறகு இன்னொன்று. பாக்கியம் வாசற்படியில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மணவறையில் இரண்டு மணித்தியாலம். ஓமப் புகை, கடற்கரை வெயில், வேர்வை. பிறகு கூறைச்சேலை கொடுத்து, மாற்றி வர உள்ளே அனுப்பினார்கள். எங்கள் தொழிலில் இதுதான் இக்கட்டான இடம். தாலிக்கு நேரம் நெருங்கும், சேலை மாற்றும்போது பூச்சு அழிந்து கூறையில் ஒட்டும். அறை நிறையப் பெண்கள். கூறையைச் சுற்றி முடித்து நான் முகத்தைப் பார்த்தேன். வேர்வையை ஒற்றி எடுத்தேன். பூச்சு அசையவில்லை. சிவப்பில்லை, தடிப்பில்லை.

மாப்பிள்ளையின் தாய் கிட்ட வந்து தவமலரின் கன்னத்தை உற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "பிள்ளையின்ட தோலில ஏதோ வருத்தமெண்டு கேள்விப்பட்டம். இப்ப சுகமோ?" என்றார்.

தவமலர் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து நின்றேன். "இந்தப் பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை. எப்பவும் இருக்கேல்ல. சாமத்திய வீட்டில நான் பூசினது பழுதான சாமான். பூஞ்சணம் பிடிச்சது. எனக்குத் தெரிஞ்சுதான் பூசினனான். கேட்டவைக்குப் பிள்ளையில பழியைப் போட்டனான். அது பொய். நான் சொன்ன பொய்."

வெளியே மேளம் மட்டும் கேட்டது. எனக்குக் காது சுட்டது, கால் ஓடச் சொன்னது. ஆனாலும் அத்தனை வருடமும் நெஞ்சில் இருந்த கனம் அந்த நாலு வசனத்தோடு இறங்கியதை இன்றைக்கும் உணர்கிறேன்.

தவமலர் எழுந்து, கூறையின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, "மாமி, நேரமாகுது" என்று சொல்லி நடந்தாள். தாலி ஏறியது.

பாக்கியத்தின் முகம்

பந்தி முடிந்ததும் நான் பெட்டியைக் கட்டினேன். பாக்கியம் வந்து பெட்டியை என் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தார்.

"இண்டைக்குப் போக ஏலாது. அண்டைக்கும் பூசினவுடன வடிவாத்தான் இருந்தது, பிறகுதான் வீங்கினது. நாளைக்கு விடிய முகத்தைப் பாத்துத்தான் உங்களை விடுவன்."

நியாயமான தண்டனை. இருந்தேன்.

விடிந்ததும் தவமலரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம், மறுபக்கம், காதுக்குப் பின்னால், கழுத்துக்குக் கீழே. உளுந்தில் கல் பொறுக்குகிறவரைப் போலப் பார்த்தார். ஒன்றுமில்லை. முதல் நாள் இருந்த முகமேதான், கொஞ்சம் நித்திரைக் களையோடு. பாக்கியம் மகளின் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். துடைத்து முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

பிறகு தானும் ஒரு வாளி தண்ணீர் அள்ளி முகம் கழுவினார். உள்ளே வந்து, கதிரையை வெளிச்சத்துப் பக்கம் இழுத்துப் போட்டு, என் முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கும் போடுங்கோ. சம்பந்தி வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போக வேணும்."

போத்தலில் ஒன்றுமில்லை. பிறஷ் மயிருக்குள் ஒட்டியிருந்தது மட்டும்தான். நிறமும் மகளின் நிறம், தாய் வெயிலில் இன்னும் கறுத்தவர். அதையெல்லாம் சொன்னேன். "பரவாயில்லை, இருக்கிறதைப் போடுங்கோ" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் தரம் அந்த முகத்தைத் தொட்டேன். பிறஷ்ஷை வட்டமாக, மெதுவாகத் தேய்த்தேன்.

"சனத்துக்குத் தெரியுற மாதிரிப் போடுங்கோ" என்றார்.

"இது பூசினது தெரியாது, அக்கா. இதின்ட குணமே அதுதான்."

பாக்கியம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"தெரியாட்டிப் பரவாயில்லை. நீங்கள் போடுங்கோ. ரஞ்சிதான் போட்டு விட்டவ எண்டு நான் வாயால சொல்லுறன்."